வழிகாட்டி இல்லாமல் வேடந்தாங்கல்: 54 பிள்ளைகள், ஒரு காலை

தாம்பரம் டீச்சர், அக்டோபர் 14
ஏழாம் வகுப்பு, 54 பேர். நவம்பர் 14 குழந்தைகள் தினத்தன்று வேடந்தாங்கல் கூட்டிப் போகலாம் என்று முடிவு. ஒரு பஸ், நாலு ஆசிரியர்கள். கைடு கிடையாது, நாங்களே சுற்றிக் காட்டணும். ஒர்க்‌ஷீட்டில் 25 பறவைப் பெயர் போட்டு, பார்த்ததை டிக் அடிக்கச் சொல்லலாம் என்று இருக்கிறோம். காலை 8 மணிக்குக் கிளம்பினால் போதுமா?

ஏரிக்கரை, அக்டோபர் 14
தேதி, பஸ், கிளம்பும் நேரம், ஒர்க்‌ஷீட் நாலையும் மாற்றணும் டீச்சர்.

நவம்பர் நடு வடகிழக்குப் பருவமழையின் உச்சம். மழை பெய்து ஏரி நிறைந்த பிறகுதான் பறவைகள் நம்பித் தங்கும். நத்தைகுத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் முதலில் வரும். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் பெரும்பாலும் பிந்தி வரும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஆக, ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்த அடுத்த வாரம், செவ்வாயோ புதனோ வியாழனோ. அப்போது கூட்டில் குஞ்சு இருக்கும், பிள்ளைகள் பார்க்கிற மாதிரி ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். காணும் பொங்கலை ஒட்டிய நாட்களும் சனி ஞாயிறும் வேண்டவே வேண்டாம். அந்தக் கூட்டத்தில் 54 பிள்ளைகளை எண்ணுவதிலேயே காலை போய்விடும்.

காலை 8 மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேரப் பத்து ஆகும். அதற்குள் பறவை எல்லாம் இரை தேடப் போய்விடும். 6 மணிக்குப் பஸ் நகரணும்.

ஏரிக்கரை, அக்டோபர் 15
நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். பத்து மணிக்குப் பறவையே இருக்காது என்கிற அர்த்தத்தில் எழுதிவிட்டேன், அது சரியில்லை. முட்டையோ சின்னக் குஞ்சோ இருக்கிற கூட்டில் தாயோ தகப்பனோ ஒன்று எப்போதும் இருக்கும். நல்ல வெயிலில் நாரை சிறகை விரித்துக் குஞ்சுக்கு நிழல் பிடிப்பதைக்கூட அந்நேரம்தான் பார்க்கலாம். சீக்கிரம் போகச் சொல்வதற்கு உண்மையான காரணங்கள் வேறு. ஒன்று, வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேலே காற்று நெளியும். டெலஸ்கோப்பில் படம் கொதிக்கிற மாதிரி ஆடும், கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. இரண்டு, பதினொரு மணிக்கு மேல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வெயிலில் உட்கார்த்தி வைக்க முடியாது. மூன்று, செங்கல்பட்டு, பரனூர் டோல் நெரிசல்.

தாம்பரம் டீச்சர், அக்டோபர் 17
ஜனவரிக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரே நாளில் எல்லோரும் போகணும், இரண்டு நாளாகப் பிரிக்க முடியாது. பஸ்ஸில் என்ன பிரச்சினை?

ஏரிக்கரை, அக்டோபர் 17
54 பிள்ளைகள், 4 ஆசிரியர்கள், 58. பெரியவர்கள் நாலு பேர் போதாது, ஆறு வேணும். 60 பேரை ஒரு பஸ்ஸில் ஏற்றினால் மூணு பேர் சீட்டில் நாலு பேர், திரும்பி வரும்போது வாந்தி. இரண்டு வண்டி எடுங்கள். ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும். வாந்தி வரும் பிள்ளைகளின் பெயரை முன்னாடியே கேட்டு வாங்கி முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்த்துங்கள். பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, தடித்த காகிதப் பை 20.

ஒரே நாள் என்றால் வகுப்பை 27, 27 ஆகப் பிரியுங்கள். ஒவ்வொரு 27-ம் ஒன்பது பேராக மூன்று குழு. குழுவுக்கு ஒரு பெரியவர். அந்த ஒன்பதும் மூன்று மூன்றாக: ஒருத்தர் பைனாகுலரில் பார்த்துச் சொல்ல, ஒருத்தர் எழுத, ஒருத்தர் கடிகாரம் பார்க்க. முதல் பாதி கரையில் இருக்கும்போது இரண்டாம் பாதி நுழைவாயில் பக்கம் மரத்தடியில் பறவை அலகு அட்டை, எண்ணும் பயிற்சி. பிறகு மாற்றிக்கொள்ள வேண்டியது.

7:45 போய்ச் சேருவது. 8:10 வரை கழிப்பறை, பிஸ்கட், தண்ணீர். 8:10 முதல் 9:10 முதல் பாதி கரையில். 10 நிமிஷம் மாற. 9:20 முதல் 10:20 இரண்டாம் பாதி. சாப்பாடு, 11 மணிக்குப் புறப்பாடு, ஒரு மணிக்குப் பள்ளி. இந்தக் கணக்கில் உதைக்கிற ஒரே இடம் கழிப்பறை. ஆளுக்கு இரண்டு நிமிஷம், இரண்டு அறை என்றால் 30 பெண் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம். அதனால் வழியில் நெடுஞ்சாலையில் நல்ல கழிப்பறை உள்ள உணவகத்தில் ஒரு நிறுத்தம் வையுங்கள். முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து படாளத்தில் திரும்பிய பிறகு வசதி குறைவு. முதலுதவிப் பையில் நாப்கின், மடித்த காகித உறைகள் கட்டாயம்.

ஏரிக்கரை, அக்டோபர் 18
ஒர்க்‌ஷீட். இதைத்தான் அழுத்திச் சொல்லணும்.

25 பெயர் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னால் பிள்ளைகள் பறவையைப் பார்க்க மாட்டார்கள், பட்டியலைத்தான் பார்ப்பார்கள். பக்கத்துப் பிள்ளை அடித்த டிக் நம் தாளிலும் விழும். அப்புறம் எல்லோரும் அடுத்த பறவைக்காக ஓடுவார்கள், கரை அதிரும், கிட்ட இருக்கிற கொக்கு எழுந்து போகும். இருபது நிமிஷத்தில் "பார்த்தாச்சு மிஸ், எப்போ சாப்பாடு?" என்பார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு குழுவுக்கு ஒரு மரம், இருபது நிமிஷம், உட்கார்ந்த இடத்திலிருந்து. இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரப் பிள்ளை "இப்போ" என்று மெல்லச் சொல்லும். பைனாகுலர் பிள்ளை மரத்தை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை வருடிப் பார்த்து ஒவ்வொரு பறவையும் என்ன செய்கிறது என்று சொல்லும். எழுதும் பிள்ளை கோடு போடும். தாளில் பத்து வரிசை, ஆறு கட்டம்: கூட்டில் உட்கார்ந்திருக்கிறது, குஞ்சுக்கு ஊட்டுகிறது, குச்சி கொண்டுவருகிறது, சண்டை, சிறகு கோதுகிறது, சும்மா நிற்கிறது. ஏழாவதாக ஒரு கட்டம் காலியாக விடுங்கள், அதற்குப் பெயர் பிள்ளைகளே வைக்கட்டும். மூன்று தடவைக்கு ஒருமுறை மூவரும் வேலையை மாற்றிக்கொள்ளணும்.

மரத்தை நீங்களே முன்கூட்டித் தேர்ந்தெடுங்கள். பத்து முதல் பதினைந்து பறவை இருக்கிற, கரைக்குக் கிட்டத்தில் தனியாகத் தெரிகிற நீர்க்கடம்பு அல்லது கருவேலம். நூறு பறவை உள்ள மரம் வேண்டாம், இரண்டாவது தடவையிலேயே எண்ணிக்கை குழம்பிவிடும். சூரியன் முதுகுப் பக்கமோ பக்கவாட்டிலோ இருக்கணும். எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு.

கணக்கு வாத்தியார், அக்டோபர் 19
இந்தத் தாளை வகுப்பில் வரைபடமாகப் போடும்போது ஒரு சிக்கல் வரும். மரத்தில் இருக்கும் மொத்தம் ஒவ்வொரு தடவையும் மாறும், அதனால் சதவீதம் போடச் சொல்வோம். முதல் தடவை 14 பறவை, 6 கூட்டில் உட்கார்ந்திருக்கிறது: 43%. அடுத்த தடவை 11 பறவை, அதே 6: 55%. கூட்டில் உட்காருவது கூடிவிட்டது என்று பிள்ளை எழுதும். கூடவில்லை, மூன்று பறவை பறந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கையும் சதவீதமும் அடுத்தடுத்த கட்டத்தில் இருக்கட்டும். அந்த ஒரு தாளை வைத்தே ஒரு பாடவேளை நடத்தலாம்.

ஏரிக்கரை, அக்டோபர் 19
மிக்க நன்றி சார். "மொத்தம்" என்று எட்டாவது கட்டம் சேர்த்துவிடுங்கள் டீச்சர்.

தாம்பரம் டீச்சர், அக்டோபர் 22
பைனாகுலர் எத்தனை வேணும், எது? பள்ளியில் பழைய 20x50 இரண்டு இருக்கிறது.

ஏரிக்கரை, அக்டோபர் 22
20x50-ஐ அலமாரியிலேயே விடுங்கள். இருபது மடங்கு பெருக்கத்தில் கை நடுக்கமும் இருபது மடங்கு. பிள்ளைக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். 8x30 அல்லது 8x32 போதும் (முதல் எண் பெருக்கம், இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மி.மீ.யில்). 8x42 இன்னும் வெளிச்சமாக இருக்கும், ஆனால் முக்கால் கிலோ பக்கம் கனம், பத்து நிமிஷத்தில் கை இறங்கிவிடும். மூன்று பேருக்கு ஒன்று என்றால் ஒரு பாதிக்கு ஒன்பது. அதே ஒன்பது அடுத்த பாதிக்கும். பள்ளிகளிடமும் பறவை ஆர்வலர்களிடமும் இரவல் கேளுங்கள். ஒன்பதும் ஒரே மாதிரி இருக்கணும் என்று இல்லை.

பழக்குவது கரையில் அல்ல, ஒரு வாரம் முன்பே பள்ளி மைதானத்தில்:
முதலில் நடுக் கீலை மடக்கி விரித்து இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்படி வைக்கணும். கண்ணாடி போட்ட பிள்ளை என்றால் ரப்பர் விளிம்பை மடித்துவிடணும், இல்லாவிட்டால் ஊசித்துளை மாதிரி தெரியும். வலக்கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்கணும். பிறகு இடக்கண்ணை மூடி வலப்பக்கக் கண்வளையத்தைத் திருப்பி வலக்கண்ணுக்குச் சரிசெய்யணும். அதற்கு மேல் நடுச் சக்கரம் மட்டும்தான்.

பிள்ளைகள் செய்கிற தவறு எப்போதும் ஒன்றே: பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு பறவையைத் தேடுவது. பறவையை வெறுங்கண்ணால் பார்த்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரணும். கொடிக்கம்பத்து உச்சியில் பழக்குங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது, கண் போய்விடும். இதை ஒவ்வொரு குழுவிடமும் தனித்தனியாகச் சொல்லணும், ஏனென்றால் காலைச் சூரியன் தாழ்வாக, மர உயரத்தில் நிற்கும்.

டெலஸ்கோப் ஒன்று கிடைத்தால் வாங்கி வாருங்கள். கண்காணிப்புக் கோபுரத்தில் வைக்காதீர்கள். யாராவது படியேறினாலே தளம் அதிரும், படம் ஆடும். கரையில் முக்காலியைத் தாழ்த்தி, பிள்ளை உயரத்துக்கு வையுங்கள். டெலஸ்கோப் பிள்ளைகளைத் தேடிப் போகட்டும், பிள்ளைகள் டெலஸ்கோப்பைத் தேடி வரவேண்டாம். கூடு ஒன்றில் குறிவைத்து ஆளுக்கு 40 விநாடி, ஒன்பது பேருக்கு ஏழெட்டு நிமிஷம். பிறகு அடுத்த குழுவுக்கு நகர்த்துங்கள்.

தாம்பரம் டீச்சர், அக்டோபர் 25
மரத்தடியில் இருக்கும் பாதிக்கு என்ன? ஒரு பிள்ளை சக்கர நாற்காலியில் வரும், அதையும் சொல்லுங்கள்.

ஏரிக்கரை, அக்டோபர் 25
அலகு அட்டை. எட்டு அலகு போதும், உடம்பு இல்லாமல் அலகு மட்டும் பெரிதாக வரைந்தது. நத்தைகுத்தியின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். கரண்டிவாயன் பெயரிலேயே இருக்கிறது. அரிவாள்மூக்கன் கீழ்நோக்கி வளைந்தது. கூழைக்கடாவுக்குப் பை. நீர்க்காகத்துக்கு நுனியில் கொக்கி, பாம்புத்தாராவுக்குக் கொக்கி இல்லாத நேர் ஊசி. சாம்பல் நாரைக்குக் கட்டாரி. மஞ்சள்மூக்கு நாரைக்கு நுனி லேசாகத் தாழ்ந்த மஞ்சள் அலகு. எதிரே சாப்பாட்டு அட்டை: நத்தை, மீன், தவளை, சேற்றுப் புழு. எது எதற்கு என்று பிள்ளைகளே வாதாடட்டும். விடையைக் கரைக்குப் போய்ப் பார்த்து வந்த பிறகு சொன்னால் போதும்.

எண்ணும் பயிற்சி: கறுப்பு சார்ட்டில் அரிசி. ஐந்து விநாடி காட்டி மூடிவிட்டு எத்தனை என்று கேளுங்கள். 30 என்றால் கிட்டத்தட்டச் சொல்வார்கள், 200 போட்டால் பெரும்பாலும் பாதிதான் சொல்வார்கள். பிறகு பத்து அரிசி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அந்த அளவு எத்தனை தடவை அடங்கும் என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்றாவது முயற்சியில் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும். பறக்கும் கூட்டத்தை எண்ணுவதும் இப்படித்தான்.

சக்கர நாற்காலிப் பிள்ளை இருக்கும் குழுவுக்கு நுழைவாயிலுக்குக் கிட்டத்து மரத்தைக் கொடுங்கள். அந்தக் குழுவின் எல்லாப் பிள்ளைகளும் அங்கேயே உட்காரட்டும். கோபுரத்தைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டால் யாரும் விடுபட மாட்டார்கள். டெலஸ்கோப்பை நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையின் கண் உயரத்துக்கு இறக்கி வையுங்கள். முன்கூட்டிப் பள்ளியிலேயே வைத்துப் பாருங்கள்.

தாம்பரம் டீச்சர், அக்டோபர் 28
பறக்கும்போது கண்டுபிடிக்க ஏதாவது எளிய குறிப்பு? "சைபீரியாவிலிருந்து வந்து முட்டையிடும் பறவைகள்" என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறேன், அதையும் பாருங்கள்.

ஏரிக்கரை, அக்டோபர் 28
கழுத்தைப் பாருங்கள். மடித்துக்கொண்டு பறந்தால் கொக்கு, சாம்பல் நாரை, வக்கா வகை. நீட்டிப் பறந்தால் நத்தைகுத்தி, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன்.

அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். பல பள்ளித் தாள்களில் இருக்கிற தவறு அது. வேடந்தாங்கல் மரங்களில் கூடு கட்டுகிற நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், கொக்கு, அரிவாள்மூக்கன் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். தண்ணீரையும் இரையையும் பார்த்து இடம் மாறி இங்கே வந்து குஞ்சு பொரிக்கின்றன. வடக்கே தொலைதூரத்திலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை தண்ணீரில் தங்கும், இங்கே கூடு கட்டாது. திரும்பிப் போய் அங்கேதான் முட்டையிடும். மரத்தில் இருப்பவை, தண்ணீரில் மிதப்பவை என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினாலே பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் ஓரளவு விளங்கும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கூழைக்கடாவும் இரண்டிலும் இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஏரிக்கரை, அக்டோபர் 29
கழுத்துக் குறிப்பில் கூழைக்கடாவை விட்டுவிட்டேன். அதுவும் கழுத்தை மடித்துத்தான் பறக்கும். பெரிய உடம்பு, பெரிய அலகு, அதனால் கொக்கோடு குழம்பாது. ஆனால் "கழுத்து மடிந்தால் கொக்கு இனம்" என்று தாளில் அச்சடித்தால் தப்பாகிவிடும்.

வெள்ளைக் கொக்குகளைப் பெரியது, நடுத்தரம் என்று பிரிக்கச் சொல்லாதீர்கள், தூரத்தில் பெரியவர்களுக்கே கடினம். சின்னக் கொக்கின் கறுப்புக் காலில் மஞ்சள் பாதம் தெரிந்தால் அது போதும்.

சிவகங்கை வாசகர், நவம்பர் 2
எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு வேடந்தாங்கல் தூரம். வேட்டங்குடியில் இதே முறை சரிப்படுமா?

ஏரிக்கரை, நவம்பர் 2
தாராளமாக. அந்தச் சரணாலயத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயில் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது: பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக் கூட வெடி வெடிப்பதில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பதினைந்து நிமிஷம் பேசக் கேட்டுக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கம் என்றால் கூந்தன்குளம். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு இருக்கும். ஆனால் அங்கே பருவம் பிந்தும், ஜனவரித் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் விசாரித்துப் போங்கள்.

தாம்பரம் டீச்சர், நவம்பர் 3
நமக்கும் ஊர்க்கதை இருக்கிறதா?

ஏரிக்கரை, நவம்பர் 3
இருக்கிறது, இதைவிடப் பழையது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து வேடந்தாங்கல் மக்கள் முறையிட, செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1798-ல் பாதுகாப்புக் கொடுத்து கௌல் என்கிற உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஊர் மக்களின் அக்கறைக்கு உழவும் ஒரு காரணம். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். 2022-ல் வேடந்தாங்கல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான், ஆனால் சரணாலயம் அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை. பறவை இந்த ஏரியில் கூடு கட்டுகிறதே தவிர, இரைக்குப் பெரும்பாலும் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும்தான் போகிறது. நத்தைகுத்தி நெல்வயல் நத்தையைத் தின்று வந்து குஞ்சுக்குக் கக்கி ஊட்டும். வரும் வழியில் பஸ் ஜன்னலில் வயலில் நிற்கும் நாரையைக் காட்டிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டில் இறங்கும் நாரையைக் காட்டினால், ஏரியை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்காது.

தாம்பரம் டீச்சர், டிசம்பர் 9
தேதி உறுதி. இப்போது என்னென்ன முடிக்கணும்?

ஏரிக்கரை, டிசம்பர் 9
கல்வி அலுவலகத்து அனுமதி, பெற்றோர் கையெழுத்து (ஒவ்வாமை, மூச்சிரைப்பு, தினமும் போடும் மருந்து மூன்றும் கேட்டு), வனச்சரக அலுவலகத்துக்குப் பள்ளித் தாளில் கடிதம். எத்தனை பேர், எந்த நேரம், டெலஸ்கோப் உண்டு என்று எழுதுங்கள்; திறக்கும் நேரமும் நுழைவு, கேமரா கட்டணமும் அன்றைய நிலவரப்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம், பத்து நாள் முன்பு இரண்டு ஆசிரியர்கள் நேரில் போய் வரணும், அதே காலை 7:45-க்கு. வேறு நேரத்தில் போனால் வெயிலின் திசை தெரியாது. ஆறு மரங்களைப் படம் எடுத்து எண் போட்டு வாருங்கள். மழை பொய்த்து ஏரி வற்றியிருந்தால் கூட்டிப் போகாதீர்கள்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் பறவைகளை எண்ணணும். பிள்ளைகள் வீட்டு மொட்டைமாடியிலோ தெருவிலோ செய்து பார்க்கட்டும். காக்கை, மைனா, புறாதான் வரும், பரவாயில்லை. 15 நிமிஷம் சும்மா உட்காருவது எப்படி என்று பழகி வருவார்கள்.

ஏரிக்கரை, டிசம்பர் 10
விட்டுப்போனவை. சிவப்பு, வெள்ளை, பளிச்சென்ற மஞ்சள் சட்டை வேண்டாம். சீருடை வெள்ளைச் சட்டை என்றால் அன்றைக்கு மட்டும் வண்ண உடைக்கு அனுமதி வாங்குங்கள். தொப்பி. பேனா வேண்டாம், பென்சில். நூல் கட்டி அட்டையோடு பிணைத்தது, இல்லாவிட்டால் பாதி தண்ணீருக்குப் போகும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில், வண்டிக்கு 20 லிட்டர் கேன் ஒன்று. சாப்பாடு புளிசாதம். தயிர்சாதம் வேண்டாம், காலையிலேயே கட்டியது பதினொரு மணிக்குள் புளித்துவிடலாம். டப்பாவில் கட்டிக்கொண்டு வரட்டும், 2019 ஜனவரி முதல் தடையில் இருக்கிற பிளாஸ்டிக் தட்டு, கப், பை எதுவும் வண்டியிலேயே ஏறக்கூடாது.

கீழே கிடக்கும் இறகை எடுத்து வரக்கூடாது. சரணாலயத்திலிருந்து எதையும் எடுத்துப் போவதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும், அதனால் முன்னாடியே சொல்லி, தாளின் பின்பக்கம் இறகை வரைய இடம் விடுங்கள். போனில் பறவைக் குரல் போடவும் கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று கூட்டை விட்டு எழும் பறவைகள் உண்டு.

தாம்பரம் டீச்சர், டிசம்பர் 11
பிள்ளைகள் இருபது நிமிஷம் உட்காருவார்களா என்று மற்ற ஆசிரியர்கள் கேட்கிறார்கள்.

ஏரிக்கரை, டிசம்பர் 11
முதல் ஆறேழு நிமிஷம் நெளிவார்கள். அப்போது எழுப்பிவிடாதீர்கள், புதிதாக எதையும் காட்டவும் வேண்டாம். குஞ்சுள்ள கூட்டில் இருபது நிமிஷத்துக்குள் பெரும்பாலும் ஏதாவது ஒரு நாரை வந்து இறங்கும், குஞ்சுகள் கத்திக்கொண்டு அலகை இழுக்கும். எந்தப் பிள்ளை அதை முதலில் பார்க்கிறதோ அது மற்ற எட்டையும் பிடித்து உட்கார்த்திவிடும். அந்த நேரத்தில் ஆசிரியர் பேசாமல் இருக்கணும், குழுப் பெரியவர்கள் ஆறு பேரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். ஒன்றும் வந்து இறங்காத மரமாகப் போனால், சும்மா நிற்பது என்கிற கட்டம் நிறையக் கோடாக இருக்கும். அந்தத் தாளையும் மற்றத் தாள்களோடு சேர்த்துச் சுவரில் ஒட்டுங்கள்.